பெட்டியடிப் பையனும் போஸ்ட்டாக்கும்

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து நாலு நாளாச்சு. கார்த்திகை தீபத்துல இருந்து 21 நாள் கழிச்சு சஷ்டியும் சதயமும் கூடுற ராத்திரி, வளவுல எல்லாரும் உட்கார்ந்து இழை எடுக்கிற சடங்கை முடிச்சாச்சு, நெய்யும் வெல்லமும் ஆவாரம்பூவுமா வீடே மணந்துக்கிட்டு இருக்கு, அப்பதான் சித்தப்பா மக வந்து பக்கத்துல உட்கார்ந்தா. காரைக்குடில எம்எஸ்சி பாட்டனி கடைசி வருஷம். எங்க பக்கம் அக்காவை ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க. "ஆச்சி, எனக்கு எக்காலஜில, அதான் சூழலியல்ல, பிஎச்டி பண்ணணும், எங்க அப்ளை பண்றது யார்ட்ட கேக்குறதுன்னே தெரியல, எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் டிஷ்யூ கல்ச்சரும் நானோவும்தான் பண்றாங்க"ன்னா.

சித்தப்பா முகப்புல இருந்தே கேட்டார், "படிச்சு முடிச்சா என்னா வேலைம்மா அது? உனக்கே பிஎச்டி முடிச்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு கான்ட்ராக்ட்லதானே இருக்க?"

நியாயமான கேள்வி. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியோட தேவகோட்டைல இருந்தும் திருப்பத்தூர்ல இருந்தும் புதுக்கோட்டைல இருந்தும் பிள்ளைங்க எனக்கு மெசேஜ் பண்ணிக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதி மாளல.

சித்தப்பாவுக்குச் சொன்னது முதல்ல. நம்ம ஐயாவோட அப்பா பர்மாவுக்குப் போனப்ப முதலாளியாவா போனாரு? வட்டிக் கடைல பெட்டியடிப் பையனா, அதாவது வேலை கத்துக்கிற பையனா போனாரு. கணக்கு எழுத, கடிதம் எழுத, யாருக்கு எதை நம்பிக் கொடுக்கலாம்னு ஆளைப் பார்த்துப் பழக சில வருஷம். அப்புறம் அடுத்தாள், அதாவது உதவியாள். அதுக்கப்புறம்தான் முதலாளிக்காகக் கடையை நடத்துற மேலாள், அதுவும் மூணு வருஷக் கணக்கு, சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டுக் கப்பல் ஏறுறது, கணக்கு முடிஞ்சா ஊருக்கு வந்து திரும்ப வேற ஊருக்குப் போறது. ஆராய்ச்சியும் அந்த மாதிரிதான் சித்தப்பா. எம்எஸ்சி முடிச்சு ஒரு ப்ராஜெக்ட்ல அசிஸ்டெண்டா சேர்றவங்க பெட்டியடிப் பையன். பிஎச்டி அடுத்தாள். போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் கான்ட்ராக்ட்ல பண்ற ஆராய்ச்சி வேலைனா மேலாள், தானா யோசிச்சு தானா முடிவெடுத்து ஒரு கேள்வியை நடத்திக்கிட்டுப் போகணும், ஆனா கடை இன்னும் நம்மளது இல்லை. சொந்தக் கடை போடுறதுதான் ஃபேக்கல்ட்டி வேலை, தனக்குன்னு ஒரு லேப். அது எல்லாருக்கும் கிடைக்காது, இடங்கள் ரொம்பக் கம்மி, அதை நான் மறைக்கல. ஆனா வனத்துறை திட்டங்கள், பாதுகாப்பு அமைப்புகள், சுற்றுச்சூழல் பத்தின கொள்கை வேலை, டேட்டா வேலைன்னு வேற வழிகளும் இருக்கு. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அப்ப சம்பளச் சீட்டுல என்னா தொகை?"ன்னு கேட்டாரு. அதுதான் செட்டிநாட்டு அப்பச்சிமார், அதாவது அப்பாமார், கேக்க வேண்டிய கேள்வி, சரியான கேள்வியும் அதுதான்.

தொகையைச் சொல்றேன். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டுங்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா முதல் 2 வருஷம் மாசம் 37,000 ரூபா, அதுக்கப்புறம் அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, கூட வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரில இருந்து இந்த ரேட். நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும், நம்ம ஆளுங்க எழுத வேண்டிய பேப்பர் லைஃப் சயின்சஸ். அதுல எக்காலஜிக்குத் தனி யூனிட் இருக்கு, பரிணாமமும் விலங்கு நடத்தையும் இன்னொரு யூனிட், ஆனா நம்ம காலேஜ்கள்ல இந்த ரெண்டையும் கடைசி வாரத்துல ஓட்டிட்டுப் போயிருவாங்க, அதனால இதைத் தனியா உட்கார்ந்து படிக்கணும். கேட் (GATE) தேர்வுலயும் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்னே ஒரு பேப்பர் இருக்கு, பல பேருக்கு இது தெரியவே தெரியாது. யுனிவர்சிட்டில முதல் ரேங்க் வாங்கினவங்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட (டிஎஸ்டி) இன்ஸ்பயர் ஃபெலோஷிப் இருக்கு. ரேங்க் வாங்கின பிள்ளைங்க எத்தனை பேர் அதை விண்ணப்பிக்காமலே விட்டுட்டு பிஎட்ல போய்ச் சேர்றாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது.

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லிடறேன். சம்பளம் இல்லாம யார்ட்டயும் பிஎச்டி சேராதீங்க. நான் ஆரம்பத்துல ஒரு இடத்துல ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டா இருந்தேன், பேர் வேண்டாம், அஞ்சு மாசம் சம்பளம் வரல, "ஃபண்டு வந்துரும் வந்துரும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, காட்டுக்குப் போற ஜீப்புக்கு டீசல் கூட நானே போட்டேன், அப்பச்சிட்ட கேக்க வெக்கப்பட்டு ஆத்தா அனுப்புன காசுல சாப்பிட்டேன். அந்த அஞ்சு மாசத்துல நான் கத்துக்கிட்டது, சேர்றதுக்கு முன்னாடி "ஃபெலோஷிப் எதுல இருந்து வருது, எத்தனை மாசத்துக்குச் சாங்ஷன் ஆயிருக்கு"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கணும்ங்கிறது. கேட்டா கோவிச்சுக்கிற ப்ரொஃபசர்ட்ட சேர வேண்டாம். அதே மாதிரி மதுரைல திருச்சில உட்கார்ந்துக்கிட்டு வெளிநாட்டு பிஎச்டி வாங்கித் தர்றேன்னு லட்சக்கணக்குல கேக்குற கன்சல்டன்சிக்கு ஒரு ரூபா கொடுக்காதீங்க, பிஎச்டிக்கு அப்படி ஒரு இடைத்தரகர் தேவையே இல்லை, இந்த ஃபீல்டுல கடிதம் எழுதத் தெரிஞ்சா போதும். கடிதத்துக்கு அப்புறம் வர்றேன்.

எங்க படிக்கிறது? எம்எஸ்சியே இந்தப் பாடத்துல பண்ணணும்னா நம்ம பக்கத்துலயே மயிலாடுதுறைக்குப் பக்கம் மன்னம்பந்தல் ஏவிசி காலேஜ்ல வைல்ட்லைஃப் பயாலஜி இருக்கு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலயும் இருக்கு, அங்க படிச்சவங்களை நாடு பூரா காட்டுல பார்க்கலாம். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எக்காலஜி டிபார்ட்மெண்ட். டேராடூன்ல வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா, பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கிற உயிரியல் ஆராய்ச்சி நிலையம், இந்த ரெண்டு இடத்து எம்எஸ்சிக்கும் சீட் ரொம்பக் கம்மி, என்சிபிஎஸ்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆளே எடுப்பாங்க, அதனால எந்த வருஷம்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கணும். பிஎச்டினா பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல (ஐஐஎஸ்சி) 1983ல மாதவ் காட்கில் ஆரம்பிச்ச சென்டர் ஃபார் எக்காலஜிகல் சயின்சஸ், பெங்களூர்லயே ஏட்ரீங்கிற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பு, கோயம்புத்தூர் ஆனைகட்டில சாக்கான்ங்கிற பறவை ஆராய்ச்சி நிலையம், அதை 2023ல டேராடூன் இன்ஸ்டிட்யூட்டோட சேர்த்துட்டாங்க. மைசூர்ல என்சிஎஃப்ங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கு, வால்பாறைல மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டெடுக்கிற வேலையை வருஷக்கணக்கா செய்றவங்க. செடி மேல ஆசைனா திருச்சி செயின்ட் ஜோசப்ஸ்ல ராபினாட் ஹெர்பேரியத்துக்கு (உலர்த்தின செடிகளைச் சேர்த்து வைக்கிற இடம்) ஒரு தடவையாவது போய்ட்டு வாங்க, ஃபாதர் மேத்யூவும் அவரோட மாணவர்களும் தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வச்ச இடம், நம்ம காரைக்குடில இருந்து ரெண்டு மணி நேரப் பஸ்தான்.

ஆனா இதெல்லாம் இடங்களோட பேர். தங்கச்சிட்ட நான் கேட்டது வேற. "உன் கேள்வி என்ன?"

முழிச்சா. "புலி பத்தி ஏதாச்சும், இல்ல வெஸ்டர்ன் காட்ஸ் செடி"ன்னா. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் இதே நினைப்புதான். காடுன்னா மேற்குத்தொடர்ச்சி மலை, இல்லாட்டி ஆப்பிரிக்கா, நம்ம ஊரு வெறும் பொட்டலும் கருவேலமும்னு. எனக்கு இது ஆத்தாமையா இருக்கு, நானும் அப்படித்தான் நினைச்சு முதல் மூணு வருஷம் மலைக்காட்டையே சுத்தினேன், ஊருக்குத் திரும்பி வந்தப்பதான் கண்ணு திறந்துச்சு.

மறுநாள் காலைல அவளை எங்க அய்யனார் கோயில்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். செருப்பை வெளிய கழட்டிட்டு, பூசாரி வேளார்ட்ட சொல்லிட்டு உள்ள போனோம். அஞ்சாறு ஏக்கர் இருக்கும். சுத்தி தைலமரமும் சீமைக்கருவேலும், நடுவுல மட்டும் கருகருன்னு வீரை, காயா, பாலை, உசில். இது உலர் பசுமைமாறாக் காடு, சோழமண்டலக் கடற்கரை ஓரமா இருந்த காட்டு வகை, இப்ப மிச்சம் இருக்கிறதுல நிறைய சாமிக்குப் பயந்து விட்டு வச்ச இந்தத் துண்டுகள்தான். சுள்ளி பொறுக்கக் கூட யாரும் உள்ள வர மாட்டாங்க. "இந்த வீரை மரம் எத்தனை வருஷமா நிக்குது, அதுக்குக் கீழ கன்னு இருக்கா பாரு"ன்னேன். குனிஞ்சு தேடினா, தேடினா, ஒரு மணி நேரம் தேடினா. பெரிய மரத்துக்கு அடில முளைச்ச சின்னச் செடி இருந்துச்சு, இடுப்பு உசரத்துல ஒண்ணு கூட இல்லை. "ஏன் ஆச்சி?" அவளா கேட்டா.

அதான் கேள்வி. இந்தக் காட்டு மரங்கள்ல நிறைய சதைப்பழம், பறவையும் வௌவாலும் மரநாயும் தின்னுட்டுக் கொட்டையைக் கொண்டுபோய்ப் போட்டாத்தான் பரவும். ஒரு கோயில்காட்டுக்கும் அடுத்த கோயில்காட்டுக்கும் நடுவுல நாலு மைல் தைலமரமா இருந்தா வௌவால் தாண்டுமா, கொண்டைக்குருவி தாண்டுமா? முளைச்ச கன்னை ஆடு கடிக்குதா, நிழல் பத்தலையா, தண்ணி பத்தலையா? திருவிழாவுக்குக் கூட்டித் துப்புரவு பண்றதுல போயிருதா? காடு சாமியால காப்பாத்தப்பட்டுச்சு சரி, கிழடு தட்டிப் போயிட்டு இருக்கா இல்லையா? ஒவ்வொண்ணும் தீசிஸ்ல ஒரு சாப்டர். இதைச் செய்ய யானை வேண்டாம், ஜீப் வேண்டாம், ஊர்ப் பெரியவங்க சம்மதமும் ஒரு டேப்பும் பொறுமையும் போதும். அதோட தமிழ்ல வேளார்ட்ட உட்கார்ந்து "உங்க தாத்தா காலத்துல இங்க என்ன இருந்துச்சு"ன்னு கேக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், அந்தத் தகுதி வெளியூர் யுனிவர்சிட்டில உட்கார்ந்திருக்கிறவருக்கு இல்லை, இவளுக்கு இருக்கு.

கண்மாய்ப் பக்கம் போனா இன்னும் இருக்கு. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977ல அறிவிச்சது, மொத்தமே 38.4 ஹெக்டேர், கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவை பயப்படும்னு தீபாவளிக்கு வெடியே போடாம இருக்காங்க. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் இராக்கொக்கும் வந்து இறங்குற கண்மாய். ஊர்க்காரங்களோட அந்தக் கட்டுப்பாடு கூடு கட்டுறதுல எவ்வளவு வித்தியாசம் கொடுக்குது, நாட்டுக்கருவேலத்துல கட்டின கூட்டுக்கும் சீமைக்கருவேலத்துல கட்டின கூட்டுக்கும் குஞ்சு பிழைக்கிறதுல வித்தியாசம் இருக்கா, சீமைக்கருவேலத்தை மொத்தமா வெட்டிட்டா அந்த வருஷம் நாரை எங்க போகும், எல்லாமே நல்ல கேள்வி. ஆனா இது சரணாலயம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறை அனுமதி இல்லாம ஆராய்ச்சி பண்ண முடியாது, அனுமதி வர மாசக்கணக்காகும், அதை பிஎச்டி முதல் வருஷத்துலயே ஆரம்பிச்சிடணும். எனக்கு ஒரு சீசனே போச்சு இதனால. பறவை நமக்காகக் காத்திருக்காது.

இப்பக் கடிதம். அவ முன்னாடியே ஒண்ணு எழுதி வச்சிருந்தா, காமிச்சா. "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சின்ன வயசுல இருந்தே இயற்கை மேல தீராத ஆர்வம், தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்", இதையே நாப்பது பேருக்கு அனுப்புறதா இருந்தா. நாப்பது பேரும் திறந்து கூடப் பார்க்க மாட்டாங்க. நானே இப்ப அந்த மாதிரி கடிதங்கள் வாங்குறேன், பேரை மட்டும் மாத்தி அனுப்பியிருக்கிறது முதல் வரிலயே தெரிஞ்சிரும். அதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பேரும் திண்ணைல உட்கார்ந்து திரும்ப எழுதினோம். முதல் வரிலயே, எங்க ஊர்க் கோயில்காட்டுல வீரை மரம் காய்க்குது, கன்னு இடுப்பளவு வளர்றதுக்குள்ள காணாமப் போகுது, ஒரு காலைல தேடிப் பார்த்ததுல ஒண்ணு கூட இல்லை. ரெண்டாவது பத்தி, விதை பரவுறதைப் பத்தி நீங்க எழுதின இந்தப் பேப்பரைப் படிச்சேன், அதுல துண்டுக் காட்டைப் பத்தி நீங்க சொன்னது இங்க பொருந்துமான்னு எனக்கு ஒரு சந்தேகம், சந்தேகம் இதுதான். மூணாவது, நான் என்ன படிச்சிருக்கேன், என்ன தெரியும், நெட் எப்ப எழுதப் போறேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி, அடுத்த வருஷம் மாணவர்கள் எடுக்கிறீங்களா? அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள்ள. இதுக்கு அந்த ஆளோட ரெண்டு மூணு பேப்பரையாவது நிஜமா படிச்சிருக்கணும். நாப்பது பேருக்கு அனுப்ப முடியாது, ஆறு பேருக்குத்தான் முடியும், ஆறு போதும். மூணு வாரம் பதில் இல்லைனா ஒரு தடவை ஞாபகப்படுத்தி எழுதலாம், தப்பில்லை.

வெளிநாடு பத்திக் கேட்டா. அமெரிக்கால பிஎச்டி அஞ்சாறு வருஷம், சேர்ந்தா பொதுவா ஃபீஸ் கிடையாது, பாடம் நடத்த உதவி பண்றதுக்கோ ப்ராஜெக்ட்ல வேலை பாக்குறதுக்கோ சம்பளம் கொடுப்பாங்க, ஆனா ப்ரொஃபசர் ஒருத்தர் "இவளை நான் எடுத்துக்கிறேன்"னு சொல்லணும், அதனால விண்ணப்பத்துக்கு முன்னாடியே மேல சொன்ன கடிதம் போயிருக்கணும். கடைசித் தேதி நிறைய இடத்துல டிசம்பர்ல வரும், அதனால ஆகஸ்ட் செப்டம்பர்லயே எழுத ஆரம்பிக்கணும். ஜிஆர்இ நுழைவுத் தேர்வை இப்பப் பல டிபார்ட்மெண்ட்ல கேக்கறதில்லை. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்கலாம், கேட்டா பல இடத்துல பண்ணுவாங்க. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கம் பிஎச்டிங்கிறது ஒரு வேலை மாதிரி, விளம்பரம் போட்டு ஆள் எடுத்து கான்ட்ராக்ட் போட்டுச் சம்பளம் கொடுப்பாங்க, மூணு நாலு வருஷத்துல முடிஞ்சிரும், ஆனா எம்எஸ்சி கைல இருக்கணும். இந்தியால பிஎச்டி பதிவு பண்ணிட்டு நடுவுல கொஞ்ச மாசம் மட்டும் அமெரிக்கா போய்ட்டு வர ஃபுல்பிரைட்-நேரு டாக்டோரல் ஃபெலோஷிப் இருக்கு, நான் இதை ரொம்ப சிபாரிசு பண்ணுவேன், காடும் கைவிட்டுப் போகாது, வெளி லேபும் பார்த்த மாதிரி ஆச்சு. பட்டியலினப் பிள்ளைங்களுக்கு மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, இதைத் தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.

போஸ்ட்டாக்னா கணக்கு வேற. பிஎச்டி தீசிஸ் கொடுக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும், ஏன்னா எல்லாத்துக்கும் கெடு உண்டு. ஐரோப்பால மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடிச்சு 8 வருஷத்துக்குள்ள இருக்கணும், போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனி ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடிச்சு 4 வருஷத்துக்குள்ள. இங்கயே நேஷனல் போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப் 2 வருஷத்துக்குக் கிடைக்கும். பனாமால ஸ்மித்சோனியனோட வெப்பமண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க பாரோ கொலராடோ தீவுல 1980கள் ஆரம்பத்துல 50 ஹெக்டேர் காட்டைக் கட்டம் போட்டு 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு தண்டையும் அளந்து எண்ணிப் போட்டாங்க, அதே முறைல நம்ம முதுமலைல 1988ல ஐஐஎஸ்சிக்காரங்க இன்னொரு 50 ஹெக்டேரை அளந்தாங்க, இன்னைக்கும் அளந்துக்கிட்டே இருக்காங்க. ஒரே அளவுகோல்ல அளந்ததாலதான் பனாமா காட்டையும் நீலகிரிக் காட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேச முடியுது. முதுமலைல டேப் புடிச்சுப் பழகின கை பனாமால உடனே வேலைக்கு ஆகும். இந்த மாதிரி பழக்கம்தான் போஸ்ட்டாக்ல விலை போகும், கூட ஆர் (R)ங்கிற கம்ப்யூட்டர் மொழில புள்ளியியல் எழுதத் தெரியணும், கம்ப்யூட்டர்ல வரைபடம் போடுற ஜிஐஎஸ் தெரியணும், ரெண்டும் காசில்லாம வீட்டுல உட்கார்ந்தே கத்துக்கலாம்.

வெளிநாட்டு லேபோட சேர்ந்து வேலை பண்றவங்க இதையும் தெரிஞ்சு வச்சுக்கணும், இங்க எடுத்த இலையோ விதையோ மண்ணோ எதையும் பையில போட்டுக்கிட்டுப் ப்ளைட் ஏறக் கூடாது, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னைல இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தோட அனுமதி வேணும். நம்ம கோயில்காட்டு விதை, நம்ம சட்டம், அதை மதிக்கத்தான் வேணும்.

தங்கச்சி நேத்து ராத்திரி ஆறு கடிதமும் அனுப்பிட்டா. நெட் புக்கு காரைக்குடில ஆர்டர் பண்ணியிருக்கா. பொங்கலுக்கு நாலு நாள் தமிழ்நாடு பூரா பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பதினஞ்சு நிமிஷம் நின்னு பார்த்த பறவைகளை ஈபேர்டுங்கிற பறவைப் பதிவுத் தளத்துல ஏத்தினாலே போதும், டிகிரி எல்லாம் வேண்டாம், அதுக்கு நாங்க ரெண்டு பேரும் வேட்டங்குடி கண்மாய்க் கரைக்குப் போறோம். சித்தப்பா கார் ஓட்ட வர்றேன்னிருக்காரு. காரைக்குடில இருந்து காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புறோம், கார்ல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, பைனாகுலர் ஒண்ணு என்கிட்ட கூடுதலா இருக்கு, வர்றவங்க முன்னாடியே சொல்லிடுங்க.